திருப்பத்தின் உள்ளே ஒரு கயிறு

டி.வி.யில் கார் பந்தயம் ஓடும்போது கூட உட்கார்ந்து பார்க்கும் நம் வயதுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இடது பக்கம் திரும்பப் போகிறவன் எதற்கய்யா வலது ஓரத்துக்குப் போகிறான்?" 2024-இல் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் ஃபார்முலா 4 கார்களை ஓடவிட்டார்களே, அப்போது கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நண்பர்கள் மூன்று பேர் இதையே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மூன்று பேரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இந்த விஷயம் எனக்கு ஒரு சொல்லின் வழியாகத்தான் முதலில் புரிந்தது. பந்தயக்காரர்கள் திருப்பத்தின் உள்விளிம்பை வண்டி தொட்டுப் போகும் இடத்தை 'புவேன் த கோர்த்' என்பார்கள். 'கோர்த்' என்றால் கயிறு. இளைஞனாக இருந்தபோது பழைய பிரெஞ்சு மோட்டார் பத்திரிகை ஒன்றில் இதைப் படித்துவிட்டு, 'கார் ஓடும் சாலையில் கயிறு எங்கே வந்தது?' என்று குழம்பினேன். அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல். அந்தக் காலத்தில் குதிரை ஓடும் தடத்தின் உள் எல்லையைக் கயிறு கட்டிக் காட்டினார்கள். கயிற்றை ஒட்டி ஓடும் குதிரைக்குத் தூரம் குறைவு. குதிரை போய்க் கார் வந்தது, கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்கள், சொல் மட்டும் தங்கிவிட்டது.

ஆனால் குதிரைக்குப் பொருந்திய கணக்கு காருக்கு அப்படியே பொருந்தாது. கயிற்றை ஒட்டியே போனால் தூரம் குறையும், வேகமும் குறையும். கார் கயிற்றை ஒரே ஒரு புள்ளியில் தொட்டால் போதும். வெளி ஓரத்திலிருந்து உள்ளே வந்து, அந்தப் புள்ளியைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போய்விட வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு காகிதமும் காம்பசும் போதும். பத்து மீட்டர் அகலச் சாலை. செங்குத்தாக, அதாவது 90 டிகிரி திரும்புகிறது. நடுக்கோட்டின் வளைவுக்கு ஆரம் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் அகலம் இரண்டு மீட்டர் போக எட்டு மீட்டர் அளவுக்கு நாம் நகர இடம் இருக்கிறது. நல்ல பிள்ளையாக நடுக்கோட்டிலேயே போனால் 25 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புகிறோம். வெளி ஓரத்தில் தொடங்கி, உள்ளே ஒரு புள்ளியைத் தொட்டு, வெளி ஓரத்தில் முடித்தால் அதே திருப்பத்தை ஏறக்குறைய 48 மீட்டர் ஆரத்தில் கடக்கலாம். வட்டம் பெரிதானால் வண்டியை வெளியே தள்ளும் விசை குறையும். காரின் எடைக்குச் சமமான பிடிப்பு டயருக்கு உண்டு என்று கொண்டால், முதல் வழியில் மணிக்கு 56 கிலோமீட்டர்தான் போகலாம். இரண்டாவது வழியில் 78. அதே சாலை, அதே டயர், அதே எஞ்சின். திருப்பத்தில் மட்டும் 22 கிலோமீட்டர் வேகம் இனாமாகக் கிடைக்கிறது.

வலது ஓரத்துக்குப் போகிறவன் பைத்தியக்காரன் இல்லை என்பது இதில் தெரிந்துவிடும். ஆனால் காம்பஸ் சொல்வது பாதிக் கணக்கு. திருப்பம் முடிந்ததும் நீண்ட நேர்ச்சாலை வந்தால் கணக்கு மாறும். அங்கே திருப்பத்துக்குள் எத்தனை வேகம் என்பதைவிட, திருப்பத்தை விட்டு வெளியே வரும்போது எத்தனை வேகம் என்பதே பெரிது. வெளியே வருகையில் நாலைந்து கிலோமீட்டர் கூடுதலாக இருந்தால் அந்த லாபம் நேர்ச்சாலை நெடுகக் கூடவே வரும். அதனால் கெட்டிக்கார ஓட்டுநர் கயிற்றுப் புள்ளியைத் திருப்பத்தின் நடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பார். பொறுத்திருந்து, தாமதமாகத் திரும்புவார். உள்ளே நுழையும்போது கொஞ்சம் மெதுவாக இருப்பார். புள்ளியைத் தொடும் நேரத்தில் வண்டியின் மூக்கு ஏற்கெனவே நேர்ச்சாலையைப் பார்த்திருக்கும். மற்றவன் இன்னும் ஸ்டியரிங்கோடு மல்லாடிக்கொண்டிருக்கையில் இவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துவிடுவார்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். பயத்தில் சீக்கிரமே திருப்பி, சீக்கிரமே உள்விளிம்பைத் தொட்டுவிடுவார்கள். தொட்டதும் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் பாதித் திருப்பம் பாக்கி இருக்கும், சாலை தீர்ந்துபோயிருக்கும்.

அடுத்தது பிரேக். இதை நான் சம்பளக் கணக்காகத்தான் புரிந்துகொண்டேன். டயரின் பிடிப்பு என்பது மாதச் சம்பளம். அவ்வளவுதான், மேலே ஒரு பைசா வராது. பிரேக் போடுவது ஒரு செலவு, திரும்புவது ஒரு செலவு, முடுக்குவது ஒரு செலவு. முழுச் சம்பளத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்பக் கையில் காசு இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போகும். அதனால் பிரேக்கை நேர்க்கோட்டில் இருக்கும்போதே அழுத்தி முடி, பிறகு திருப்பு என்பது முதல் பாடம். கைதேர்ந்தவர்கள் இன்னொன்று செய்வார்கள். திருப்பத் தொடங்கும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல், ஸ்டியரிங் கூடக் கூடக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். ஒரு செலவைக் குறைத்து, மிச்சத்தை மற்றதற்குத் திருப்புவது. எங்கள் இலாகாவில் ஒரு தலைப்பில் மிஞ்சிய தொகையை இன்னொரு தலைப்புக்கு மாற்ற மூன்று கையெழுத்து வேண்டும். இவர்கள் ஒரு விநாடிக்குள் ஒற்றைக் காலால் முடித்துவிடுகிறார்கள்.

அந்த ஒற்றைக் காலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இடது கால் கிளட்ச்சில் இருக்க, வலது காலின் முன்பகுதி பிரேக்கை மிதித்தபடியே அதன் பக்கவாட்டாலோ குதிகாலாலோ ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கியரை இறக்குவார்கள். தட்டாவிட்டால் சின்ன கியர் விழும்போது பின்சக்கரம் குலுங்கிப் பிடிப்பை விடும். பிரெஞ்சில் இதற்குக் 'குதிகால்-நுனிக்கால்' என்ற பொருளில் 'தலோன்-புவேந்த்' என்று பெயர். பரதநாட்டிய வாத்தியாருக்குச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். இன்றைய ஃபார்முலா கார்களில் கியர் ஸ்டியரிங்குக்கே வந்துவிட்டதால் இந்தக் கலை அங்கே அவசியமில்லாமல் போயிற்று.

திருப்பத்தின் நடுவில் செய்யவே கூடாதது ஒன்று உண்டு: பயந்துபோய்க் காலைச் சட்டென்று எடுப்பது. காலை எடுத்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரங்கள் மேல் சாயும். பின்பக்கம் லேசாகும். லேசான பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். சோழவரத்தில் நானே கண்ணால் பார்த்தது இது. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் அங்கே பந்தயம் நடத்தினார்கள். எழுபதுகளில் புதுச்சேரியிலிருந்து நாலு பேர் பஸ் பிடித்து, சென்னையில் ஒரு பஸ் மாறி, கல்கத்தா நெடுஞ்சாலையில் போய் இறங்கினோம். தூசி, வெயில், கேஸ்டர் ஆயில் நாற்றம். வேகமாக வந்த வண்டிகளைப் பார்க்க எல்லோரும் நேர்த்தடத்தின் ஓரத்துக்கு முண்டினார்கள். நான் திருப்பத்தின் பக்கம் போய் நின்றேன். மாலை வரை அங்கேயே நின்றதில் ஒன்று தெரிந்தது. பெரிய சத்தத்தோடு, டயர் கிறீச்சிட, வால் ஆடிக்கொண்டு வந்தவர்கள் பார்வைக்கு வேகமாகத் தெரிந்தார்கள். அலட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போன ஒருவர் சுற்றுக்குச் சுற்று அவர்களை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு முறையான தடம் வந்த பிறகு சோழவரம் வெறும் நினைவாகிவிட்டது.

அலட்டிக்கொள்ளாத ஓட்டத்துக்கு உலகம் அறிந்த உதாரணம் அலேன் புரோஸ்த். நான்கு முறை உலக சாம்பியன், 51 வெற்றி. 'பேராசிரியர்' என்றே அவருக்குப் பெயர். 1988-இல் மொனாக்கோவில் அவருக்கும் செனாவுக்கும் ஒரே மெக்லாரன் கார்தான். தகுதிச் சுற்றில் செனா அவரைவிட ஏறக்குறைய ஒன்றரை விநாடி வேகம். அந்த உலகில் அது ஒரு யுகம். பந்தயத்திலும் செனா வெகுதூரம் முன்னால் இருந்தார். 78 சுற்றில் 67-ஆவது சுற்றில், போர்த்தியே என்ற திருப்பத்தில், பக்கத்தில் யாருமே இல்லாத நேரத்தில் தடுப்பில் மோதி நின்றார். வென்றவர் புரோஸ்த். செனா ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். திறமையில் அவர் ஒரு படி மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருப்பத்தைக் கற்றுக்கொள்ள ஒருவரைப் பார் என்றால் நான் புரோஸ்தைத்தான் காட்டுவேன். அவர் பழகி வந்த வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில்தான் 1992-இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் பயிற்சிக்குப் போனார். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இத்தனை வித்தைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சாலையின் முழு அகலமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். எதிரே யாரும் வரக்கூடாது. பிரான்ஸ் இதை ரத்தம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1903-இல் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை பொதுச்சாலையில் பந்தயம் விட்டார்கள். ரெனோ கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ அதில் விபத்துக்குள்ளாகி இறந்தார். வேறு ஓட்டுநர்களும், சாலையோரம் நின்ற ஜனங்களும் மாண்டார்கள். அரசாங்கம் போர்தோ நகரத்திலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டது. அப்புறமும் இத்தாலிக்காரர்கள் விடவில்லை. 1957-இல் மில்லே மிலியா பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்தில் பாய்ந்து ஓட்டுநர், துணை ஓட்டுநரோடு பார்வையாளர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். வேகப் பந்தயமாக அது அத்தோடு முடிந்தது. அந்த வருடம் வென்ற பியரோ தாருஃபி ஒரு எஞ்சினியர். பந்தயம் ஓட்டும் நுட்பத்தைக் கணக்குப் போட்டு விளக்கிப் புத்தகம் எழுதியவர்.

இதையெல்லாம் இப்போது தோண்டி எடுக்கக் காரணம் என் தங்கை பேரன். போன வருடம் பெரிய மோட்டார் பைக் ஒன்று வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டாளிகளோடு ஈ.சி.ஆரில் மரக்காணம் தாண்டிப் போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். ஒருநாள் ஹெல்மெட்டில் பொருத்திய கேமராவில் எடுத்த படத்தைப் பெருமையாக என்னிடம் காட்டினான். "எப்படித் தாத்தா என் லைன்?" என்றான். லைன் அழகாகத்தான் இருந்தது. வெளியே, உள்ளே, வெளியே. அதுதான் என் வயிற்றைக் கலக்கியது.

படத்தை நிறுத்தச் சொல்லி அவனிடம் காட்டினேன். நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். வலதுபுறத் திருப்பத்தில் உள்விளிம்பு என்பது எதிரே வருகிறவனின் பாதை. இடதுபுறத் திருப்பத்தில் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் எதிராளியுடையவை. "நான் கோட்டைத் தாண்டவே இல்லை தாத்தா, டயரைப் பாருங்க" என்றான். டயர் தாண்டவில்லை, வாஸ்தவம். ஆனால் வலது பக்கம் சாய்ந்திருக்கும் பைக்கில் டயர் கோட்டின் இந்தப் பக்கம் இருக்கும், தலை அந்தப் பக்கம் இருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் முகப்பு டயரைத் தேடி வராது. "உன் டயருக்கு லைசென்ஸ் இருக்கு, தலைக்கு இல்லடா" என்றேன். சிரித்தான், அப்புறம் படத்தை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தான்.

இன்னொரு கணக்கும் போட்டுக் கொடுத்தேன். காய்ந்த நல்ல சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் நிற்க 20 மீட்டர் வேண்டும். 120-இல் 40 இல்லை, 80. மூளை விழித்துக் கை அழுத்தும் ஒரு விநாடிக்குள் இன்னும் 33 மீட்டர் போய்விடும். ஈ.சி.ஆர் வளைவுகளில் மரமும் சுவரும் மறைத்தது போகக் கண்ணுக்குத் தெரியும் சாலை எத்தனை மீட்டர் என்று அவனையே எண்ணச் சொன்னேன். பந்தயத் தடத்தில் திருப்பத்துக்கு அப்பால் மாடு படுத்திருக்காது, நெல் காயப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஓட்டாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயதா அது? இருங்காட்டுக்கோட்டையில் பைக்குக்குப் பயிற்சி நாள் நடத்துகிறார்கள், விசாரி, பாதிப் பணம் நான் தருகிறேன் என்றேன். அவன் அம்மாவுக்கு என் மேல் மகா கோபம். "கெடுக்கிறதே நீங்கதான் மாமா" என்று ஒரு வாரம் பேசவில்லை. பென்ஷன் வந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

போய்விட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தான். முழங்கால் வரை வியர்வை, முகத்தில் ஏமாற்றம். காலை முழுவதும் பிரேக்கைத் தொடவிடாமல் ஒரே கியரில் சுற்றவிட்டார்களாம். எங்கே திரும்ப வேண்டும், கண் எங்கே பார்க்க வேண்டும், இது மட்டும்தானாம் பாடம். "எல்லோரையும்விட நான்தான் தாத்தா சீக்கிரம் திரும்புறேன்னு சொல்லிட்டார் மாஸ்டர்" என்றான். கயிற்றின் கதையை அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். இட்லியைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பயிற்சி நாளுக்கு மீதிப் பாதியும் நானே தர முடியுமா என்று கேட்டான்.