நீலத்தாளில் பிளந்த கடல்

முஹர்ரம் பிறந்ததும் ஆஷூரா நோன்பின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மதீனத்து யூதர்கள் நோன்பிருப்பதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் காரணம் வினவினார்கள். மூஸா (அலை) அவர்களையும் பனூ இஸ்ராயீலர்களையும் அல்லாஹ் ஃபிர்அவ்னிடமிருந்து காத்த நாள் இது என அவர்கள் விடையிறுத்தனர். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுகின்றனர்.

யூத இல்லங்களில் அவ்விடுதலையின் நினைவாக அமைந்தது பெஸஹ் பண்டிகை. அதன் முதலிரவு விருந்தில் வீட்டின் இளைய பிள்ளை நான்கு கேள்விகளைக் கேட்பதும், பெரியவர்கள் விடையாக வரலாற்றை உரைப்பதும் மரபு. புளிக்காத ரொட்டியின் ஒரு துண்டை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடச் செய்வர். அவர்கள் உறங்காதிருக்க நல்ல தந்திரந்தான்! பண்டிகைக்கு முன்பே பச்சைத்தாளில் தவளை, பஞ்சில் ஆலங்கட்டி, நடுவே வெட்டி இருபுறமும் நிமிர்த்திய நீலத்தாளில் கடல் எனப் பிள்ளைகள் செய்து பழகுவதும் உண்டு.

அந்தக் கடலை நாங்களும் எடுத்துக்கொண்டோம். நபிமார்களுக்கு உருவம் அமைப்பது நமக்கு ஆகாது. ஆதலால் பொம்மை ஏதுமில்லை, ஒரு வேப்பங்குச்சியே கைத்தடியாயிற்று. யூதர்கள் பத்து வாதைகளை எண்ணுவர். அல்அஃராஃப் அத்தியாயம் வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, இரத்தம் என ஐந்தை ஒருசேரக் குறிப்பிடுகிறது. பிள்ளைகளுக்குப் பிடித்தது என்னவோ பேன்தான். அதற்குக் கருப்பு எள்.

"உம்மா, மூஸா நபி அவங்க நபியா, நம்ம நபியா?" என்றாள் மகள். இருவருக்கும் நபியே என்றோம்.

"அப்போ அந்தப் பிள்ளைகள் செய்யுற கடலும் இதே நீலந்தானா?"