பதில் மட்டும் கேட்டுது

மஞ்சக்காட்டுப் படத்துல, மோட்டார் ரூம் செவுத்தோட சாத்தி வெச்சிருக்கிற மீன்முள்ளு மாதிரி சாமான் என்னங்கன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. பழைய டிவி ஆன்டெனா இல்லீங்க. விண்வெளியில இருக்கிற மனுசங்க பேசறதைக் கேக்கறதுக்கு என் மகள் வயித்துப் பேரன் செஞ்சது. தோட்டத்துல மிச்சமான பிவிசி பைப்பு, கொத்தனாருங்க அளக்கிற இரும்பு டேப்பை வெட்டின பட்டைங்க, கொஞ்சம் கேபிள் ஒயர். அதுல வர்ற சத்தத்தை ஒரு சின்ன ரிசீவர் வாங்கி லேப்டாப்புக்குக் குடுக்குது.

'அதெப்படி முடியும்'னுதான் நானும் முதல்ல நினைச்சேன். பேரன் ஒரு கணக்குச் சொன்னான். சர்வதேச விண்வெளி நிலையம் பூமிக்கு மேல சுமார் 400 கிலோமீட்டர்ல சுத்துது. நேர் உச்சிக்கு வரும்போது, நம்ம பூண்டியில இருந்து ரோட்டு வழியாச் சென்னைக்குப் போற தூரத்தைவிட அது கிட்ட! நடுவுல மலை இல்லை, கட்டடம் இல்லை. அதனால பழைய குண்டு பல்பு எரியற சக்திகூட இல்லாத ரேடியோவுல அவங்க பேசினாலும் இங்க கேக்குது. ஆனா அதே நிலையம் அடிவானத்துல எட்டிப் பார்க்கும்போது டெல்லியைவிடத் தூரம். மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்துல போறதால, இந்தக் கோடியில எந்திரிச்சு அந்தக் கோடியில விழறதுக்குப் பத்து நிமிசம் ஆனா அதிகம். மும்முனைக் கரண்டு வர்ற நேரம் பார்த்து மோட்டார் போடற எங்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. வர்றப்ப நாம தயாரா நிக்கணும், அவ்வளவுதான்.

கேக்க வேண்டிய இடம் 145.800 மெகாஹெர்ட்ஸ். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது. அவினாசி ரோட்டுல பஸ் ஆரன் அடிச்சுட்டு வரும்போது ஒரு சுதி, நம்மளைத் தாண்டினதும் இன்னொரு சுதி இல்லீங்களா? அதே மாதிரி நிலையம் நம்மளைப் பார்த்து வரும்போது அலைவரிசை மூணு கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஏறி நிக்கும், விலகிப் போகும்போது அதே அளவு இறங்கிடும். ஒரு கை மீன்முள்ளை வானத்துல திருப்பணும், இன்னொரு கை சுதியைத் திருத்தணும்.

எங்க ஊர்ல பெரிய தொல்லை இரைச்சல்தான். ஒரு பக்கம் சிற்பக்கூடத்துல உளிச்சத்தம், இன்னொரு பக்கம் பனியன் கம்பெனி. உளிச்சத்தம் காதோட போயிடும், ரேடியோவைத் தொடாது. ஆனா நிட்டிங் மிஷின் ஓட்டற டிரைவு, வரிசையா எரியற எல்இடி லைட்டு, இதெல்லாம் ரேடியோவுல 'கர்ர்'ருன்னு வந்து விழும். அதனாலதான் வீட்டு மாடியை விட்டுட்டு, கிணத்து மேட்டுக்கு வந்தோம். மஞ்சக்காட்டு நடுவுல நின்னா இரைச்சல் பாதி அடங்கிடுது.

2025 ஜூன் 25-ஆம் தேதி சுபான்ஷு சுக்லா கிளம்பிப் போனாரு. 1984-ல ராகேஷ் சர்மா போனதுக்கப்புறம், 41 வருசம் கழிச்சு விண்வெளிக்குப் போன ரெண்டாவது இந்திய வீரர். அவரு அங்க இருந்தப்ப, ஜூலை 4-ஆம் தேதி பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்துல இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஹாம் ரேடியோவுல கேள்வி கேட்டாங்க. நாலு நாள் கழிச்சு மேகாலயாவுல இருக்கிற வடகிழக்கு விண்வெளிப் பயன்பாட்டு மையத்துலயும் அதே மாதிரி நடந்துது.

ஜூலை 4, வெள்ளிக்கிழமை மத்தியானம். மூணே முக்கால் வாக்குல முதல்ல வெறும் இரைச்சல், அப்புறம் அதைக் கிழிச்சுட்டு ஒரு ஆம்பளைக் குரல். முழுசாப் புரியலை. விட்டு விட்டு வந்துது. குரல் நிக்கும், கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல், மறுபடியும் குரல்.

"ஏங் கண்ணு, அந்தப் பிள்ளைங்க கேக்கிறது நமக்குக் கேக்கலையே?"

"அது கேக்காது அப்புச்சி. அவங்க பெங்களூருல இருந்து மேல அனுப்பறாங்க. நடுவுல மலை, பூமியோட வளைவு. மேல இருந்து வர்றதுதான் எல்லாருக்கும் விழும்."

எனக்கு அந்தச் சொல்லுதான் மனசுல நின்னுடுச்சு. கேள்வி கேட்டது, தேர்வாகி அங்க வந்திருந்த பிள்ளைங்க. பதில் விழுந்ததோ, தென்னிந்தியா பூராவும். மழை பெய்யறப்ப இது யார் காடுன்னு பார்த்தா பெய்யுது?

இந்தப் பழக்கம் ஆரம்பிச்சது 1983-ல. ஓவன் கேரியட்டுங்கிற அமெரிக்க விண்வெளி வீரர், கொலம்பியா விண்கலத்துல போறப்ப ஒரு கைரேடியோவைக் கொண்டுபோய், ஓய்வு நேரத்துல பூமியில இருக்கிற ஹாம்களோட பேசினாரு. அதுக்கப்புறம் ரஷ்யாவோட மிர் நிலையத்துலயும் ஹாம் ரேடியோ வந்துது. அங்கதான் செர்கெய் கிரிகலேவ் இருந்தாரு. 1991 மே மாசம் மேல போனவரு, திரும்பறது தள்ளிப்போய் 1992 மார்ச்சுலதான் இறங்கினாரு. நடுவுல அவரை அனுப்பின சோவியத் யூனியனே இல்லாமப் போச்சு. 2009-ல எங்களைக் கோயமுத்தூர் மாவட்டத்துல இருந்து பிரிச்சுத் திருப்பூர் மாவட்டம் ஆக்கினப்பவே எங்களுக்கு ஒரு மாதிரி இருந்துதுங்க. அந்த மனுசனுக்கு நாடே மாறிப்போச்சு. பத்து மாசமும் அவரு ஹாம்களோட பேசிட்டு இருந்தாரு. முன்னப்பின்ன தெரியாதவங்க குரல், அந்த நேரத்துல எவ்வளவு பெரிய துணையா இருந்திருக்கும்!

கேக்கறதுக்குப் பொறுமை இருந்தாப் போதும். பேசறதுக்கு லைசென்ஸ் வேணும். மத்திய அரசு நடத்தற பரிட்சையில ரேடியோ பாடமும் சட்டதிட்டமும் கேப்பாங்க. பாஸ் பண்ணினா வியு-வுல ஆரம்பிக்கிற ஒரு அழைப்புக்குறி கிடைக்கும். பேரன் படிச்சுட்டு இருக்கிறான். அவனுக்கு அவசரம். ஏன்னா இப்ப இருக்கிற நிலையத்தை 2030 வாக்குல கடல்ல இறக்கப் போறதாத் திட்டம்.

அதுக்கப்புறம்? 2035-க்குள்ள நம்ம நாடே சொந்தமா ஒரு விண்வெளி நிலையம் கட்டப்போறதா இஸ்ரோ சொல்லியிருக்குது. 2005-லயே ஹாம்சாட்னு ஹாம்களுக்காகத் தனியா ஒரு செயற்கைக்கோள் விட்டவங்கதான் அவங்க. அதனால புது நிலையத்துலயும் ஒரு மூலையில ஒரு ஹாம் ரேடியோ வெக்கணும்னு நான் ஆசைப்படறேன். அதுல என்ன பெரிய செலவு? டிவியில காட்டினா நாம பார்த்துட்டு எந்திரிச்சுப் போயிடுவோம். தன் கையால வெட்டின பட்டையில, ரீசார்ஜ் இல்லாம, யார் தயவும் இல்லாம ஒரு குரலைப் புடிச்ச பையன் அப்படிப் போகமாட்டான். அடுத்து நான் பேசணும்னு புஸ்தகத்தை எடுத்துட்டு உக்காருவான். இதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு மொட்டை மாடி போதுங்க. நிலையம் எப்ப வருதுன்னு போன்லயே பார்த்துக்கலாம். ஒரு நாளைக்குப் பதினாறு தடவை பூமியைச் சுத்தறதுல, சில தடவைதான் நம்ம பக்கம் உருப்படியா வரும். பல நாள் வெறும் இரைச்சல்தான் கிடைக்கும். அதுக்குச் சலிச்சுக்காதீங்க. போட்ட விதையெல்லாம் மறுநாளே முளைக்குதா என்ன?