வாங்கின் ஓரம்

சண்டிலிப்பாயில் நாம் கற்ற காலத்திலே, முழங்கையில் வெண்செதிற்படை கண்ட நண்பனொருவனைத் தொற்றுமென அஞ்சி வாங்கின் ஓரத்தில் தனியே இருத்தினோம். அண்மையில் அதே படை நம் முழங்கையிலும் தோன்றிற்று. தோல் வைத்தியர், ஒளியூட்டி 10 மடங்கு பெருப்பித்துக் காட்டும் 'டெர்மோஸ்கோப்' என்னுங் கருவியை அதன்மேல் வைத்து நோக்கினார்.

"செதில் வெண்மை; குருதிக் குழாய்கள் செம்புள்ளிகளாய் ஒரே சீராகப் பரந்துள்ளன. எக்ஸிமாவாயின் பெரும்பாலும் செதில் மஞ்சளாகவும், புள்ளிகள் திட்டுத்திட்டாகவும் இருக்கும். இது சொரியாசிஸ்; தொற்றாது" என்றார். கருநிறத் தோலிற் சிவப்பு எளிதிற் புலப்படாதாகையாற் செதிலின் நிறத்தையுஞ் சேர்த்தே நோக்குவராம்; ஐயம் நீங்காவிடின் சிறு தோற்றுண்டை வெட்டிச் சோதிப்பராம்.

தொற்றாத நோய்க்கு அஞ்சி ஒரு தோழனைத் தள்ளிவைத்தோமே! இம்மலர் அந்நண்பரின் கைக்கு எட்டுமாயின், அவர் நம்மைப் பொறுத்தருள்வாராக.