கால்தான் கடைமடை!

காவிரிக் கடைமடைக்காரர்களிடம் எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு தூர்வாருவதில்தான் வந்து நிற்கும். திருத்துறைப்பூண்டிக்குப் போனபோது எனக்கு ரத்தத்தையே தூர்வாருவது பற்றிப் பாடம் கிடைத்தது!

சென்னையிலிருந்து ராத்திரி பஸ். நான் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க, லீவில் ஊருக்கு வந்த பக்கத்து ஸீட் ராணுவக்காரர் மட்டும் தையல் மெஷின் மிதிப்பது போலப் பாதத்தை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே, தூக்கம் வரலியா?"

"சியாச்சின் பழக்கம் தம்பி. அசையாம கெடந்தா ரத்தம் கட்டிக்கும்."

அண்ணன் கதை விடவில்லை. உயரமான மலைகளில் நெடுநாள் தங்கும் ஜவான்களுக்கு ரத்தக்கட்டு ஆபத்து சுமார் 30 மடங்கு என்று 2001-லேயே ராணுவ டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். குளிர், தண்ணீர் குடிக்காதது, ரத்தம் கெட்டியாவது என்று காரணங்கள் பல. ஆக்ஸிஜன் குறைவும் அதில் ஒன்று.

நம் ரத்தத்தில் தூர்வாரும் ஆள் பெயர் பிளாஸ்மின். கட்டியின் நார்களை வெட்டிக் கரைப்பார். அவரை வேலைக்கு இறக்கும் மேஸ்திரி 'டி.பி.ஏ.'. மேஸ்திரியைத் தடுத்து ஃபைலை மூடிவைக்கும் ஆபீஸர் 'பி.ஏ.ஐ.-1'. 1998-ல் எலிகளை ஆக்ஸிஜன் குறைந்த காற்றில் வைத்துப் பார்த்தார்கள். மேஸ்திரி இளைத்தார், ஆபீஸர் கொழுத்தார், நுரையீரலில் நார் படிந்தது!

'பஸ்ஸில் ஏதப்பா சியாச்சின்?' என்கிறீர்களா? கெண்டைக்காலில் இருக்கிறது. அங்கே ரத்தக்குழாய்களில் குட்டிக் குட்டி வால்வுகள். காலை ஆட்டாவிட்டால் அந்த இடுக்குகளில் ரத்தம் தேங்கும். அங்கே மட்டும் ஆக்ஸிஜன் வற்றும். விடிகாலையில் முள்ளியாற்றுப் பக்கம் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த ஒரு வாய்க்காலைப் பார்த்ததும் எனக்கு என் கால் ஞாபகம்தான் வந்தது.

2006-ல் ஆரோக்கியமானவர்களை விமானத்துக்குள் இருப்பது போன்ற காற்றில் 8 மணி நேரம் உட்கார வைத்தார்கள். சாதாரணக் காற்றில் உட்கார்ந்ததற்கும் அதற்கும் ரத்தத்தில் வித்தியாசமில்லை. ஆக, முதல் வில்லன் காற்றல்ல, உட்கார்ந்தே இருப்பதுதான். 4 மணி நேரத்துக்கு மேல் போனால் விமானமோ பஸ்ஸோ, ஆபத்து சுமார் இரட்டிப்பு என்றது உலக சுகாதார நிறுவனம், 2007-ல். மொத்தத்தில் சின்ன ஆபத்துதான். பயணத்தை கேன்ஸல் செய்ய வேண்டாம். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ தைலம் தேய்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

ஊரில் கோயில் கொண்டிருப்பவர் பிறவி மருந்தீஸ்வரர். பிறவிப் பிணிக்கே மருந்து தருகிறவர்! கெண்டைக்காலுக்கு மருந்து என்ன என்று கேட்டால், "பிரகாரத்தை மூணு சுத்து சுத்துடா" என்பார். ஆபீஸ் நாற்காலியில் பசை போட்டு உட்காரும் நண்பர்களுக்கும் அதே மருந்துதான். கோயில் பக்கத்தில் இல்லையா? டீக்கடை வரைக்குமாவது நடங்கள்!