சுற்றுப்பலகையில் இல்லாத ஒரு பெயர்

செய்தித்தாள் தொழிலில் ஒரு பெயருக்கு இருக்கும் பெறுமதியை அதில் உழன்றவர்களே அறிவர். தலைநகரில் அமர்ந்து செய்தியைச் செப்பனிட்டவரின் பெயர் மேலே வரும். மழையிலும் வெயிலிலும் மிதிவண்டியில் அலைந்து தகவல் திரட்டியவர் ‘எமது நிருபர்’ என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடுவார். போர்க்காலத்தில் அந்த மறைப்பு பலருக்குக் காப்பாகவும் இருந்தது. ஆனால், காப்பதற்காக ஒரு பெயரை மறைப்பது வேறு. எவரும் கவனியாமல் அது மறைந்துபோவது வேறு.

இவ்வெண்ணத்தைக் கிளறிவிட்டது அண்மையில் பார்க்கக் கிடைத்த ஒரு மாணவச் செயற்றிட்டம். பொறியியல் பயிலும் நண்பரின் மகள், வீட்டு நீர்த்தாங்கி நிரம்பியதும் மோட்டரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்திருந்தாள். தாங்கியின் மூடியில் பொருத்திய உணரி, நம் காதுக்குக் கேட்காத ஒலியை நீரை நோக்கி அனுப்புகிறது. எதிரொலி திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டம் கணிக்கப்படுகிறது. கலைப்பட்டதாரியான எனக்கு விளங்கவேண்டுமென்று, வௌவாலை உதாரணம் காட்டினாள். கணிப்பைச் செய்வது உள்ளங்கையளவான ஒரு நீலப் பலகை. அதன் பெயர் ஆர்டுயினோ.

“இதை முதலிலை செய்தது ஆர் பிள்ளை?” என்று கேட்டேன்.

“இத்தாலியிலை ஒரு குழு, மாமா” என்றாள்.

அது பாதி உண்மை. மீதியைப் பின்னர் தேடி வாசித்தேன்.

இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்புக் கற்கைக்கான உயர்கல்வி நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கு மாணவர்கள் பயன்படுத்திய நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்றின் விலை ஏறத்தாழ 50 டொலர். மின்னணுவியல் படிக்காதவர்களுக்கு அதனைக் கையாள்வதும் சிரமம். கொலம்பியாவிலிருந்து வந்து முதுகலை பயின்ற ஹெர்னாண்டோ பராகான் என்ற மாணவர், 2003இல் இதற்கு மாற்றுத் தேடினார். எளிமையான ஒரு பலகை, அதற்கு நிரல் எழுத எளிமையான சொற்கள், எழுதியதைப் பலகைக்கு ஏற்றும் மென்பொருள் ஆகியவற்றை உருவாக்கி, ‘வயறிங்’ என்று பெயரிட்டார். அதுவே அவரது ஆய்வேடு. வழிகாட்டிகள் இருவரில் ஒருவர் மசிமோ பான்சி.

2005இல் பான்சியும் அவரது சகாக்களும், வயறிங்கை இன்னும் மலிவான ஒரு சிப்பில் இயங்கச் செய்து, தனிச் செயற்றிட்டமாகப் பிரித்தெடுத்தனர். ஊரிலிருந்த மதுச்சாலை ஒன்றின் பெயரை அதற்கு இட்டனர். 1002இல் இத்தாலிக்கு அரசனான ஆர்டுயினின் பெயர் அது. பராகான் அந்தக் குழுவில் இருக்கவில்லை. தாம் அழைக்கப்படவில்லை என்று 2016இல் நீண்டதொரு கட்டுரையில் அவர் எழுதினார்.

மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். வயறிங், எவரும் எடுத்து மாற்றக்கூடிய திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. ஆகவே இதில் சட்ட மீறல் இல்லை. தமது மொழி வயறிங்கை அடிப்படையாகக் கொண்டது என்பதை ஆர்டுயினோ தரப்பும் குறிப்பிட்டே வந்திருக்கிறது. விலையைக் குறைத்ததும், பாடசாலை மாணவரின் மேசை வரை பலகையைக் கொண்டுசேர்த்ததும் அக்குழுவின் உழைப்பே. பராகானும் வெறுங்கையோடு தொடங்கியவர் அல்லர். அவர் அமெரிக்காவில் உருவான ‘புரொசெசிங்’ என்ற மென்பொருளின் மீது கட்டினார். அதனை ஆக்கியோரில் ஒருவரான கேசி றீஸ் அவரது மற்றைய வழிகாட்டி.

எனினும் ஒன்று உறுத்துகிறது. மின்குமிழ் ஒன்றை மினுக்கவைக்கும் முதற்பயிற்சியில் உலகெங்குமுள்ள மாணவர் எழுதும் ‘பின்மோட்’, ‘டிஜிற்றல்றைட்’ என்ற கட்டளைகள் அந்த ஆய்வேட்டிலிருந்து வந்தவை. நண்பரின் மகளது நிரலிலும் அவை இருந்தன. எழுதும் கைகளில் எத்தனைக்கு அந்த மாணவரின் பெயர் தெரியும்? “அடிப்படையாகக் கொண்டது” என்ற ஒற்றை வரி, எங்கள் ‘எமது நிருபர்’ போன்றதுதான். பொய்யில்லை, ஆனால் அதில் ஆளுமில்லை.

எமது பல்கலைக்கழகங்களின் செயற்றிட்ட அறிக்கைகளில் நன்றியுரைக்கென ஒரு பக்கம் இருக்கிறது. விரிவுரையாளரும் பெற்றோரும் அதில் தவறாமல் இடம்பெறுவர். எவருடைய நிரலை எடுத்து மாற்றினோம், எந்த முந்திய அணி மாணவரின் சுற்றை நகலெடுத்தோம் என்பதும் அங்கே பெயரோடு வரவேண்டும். இரண்டு மூன்று வரிகள் போதும். வழிகாட்டும் ஆசிரியர்களும், மாணவரின் வேலை தம் கைக்கு வந்து வளரும்போது அதே வரிகளை எழுதவேண்டும். இக்கடமை அவர்களுக்கே கூடுதலானது என்பேன். பெயரைச் சொல்லவும் சொல்லாமல் விடவும் வல்லவர்கள் அவர்கள்தானே.