தின்பதற்கு எண்ணெய், விதைக்கு வசம்பு

சேலம் மாவட்டம் மேச்சேரிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நிலக்கடலைக்கு ஓரமாக ஆமணக்கு நிற்கும். கொள்ளும் தட்டைப்பயறும் காய்ந்து வீடு சேர்ந்ததும், உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தொட்டுப் பயறில் பிசிறிவிடுவார்கள். மறுபருவ விதைக்கு மட்டும் எண்ணெய் இல்லை, வசம்புத் தூள். இந்தப் பாகுபாட்டை யார் வகுத்தது என்று தேடத் தொடங்கினேன்.

உறவில் மூத்த அம்மாயி ஒருவரிடம் கேட்டேன். "திங்கறதுக்கு எண்ண, வெதைக்கு வசம்பு. மாத்திப் போட்றாத கண்ணு" என்றார். ஏன் என்றதற்கு, "வசம்பு போட்ட கொள்ளுல ரசம் வெச்சா வாயில வெக்க முடியுமா?" என்று கேட்டார்.

எண்ணெயின் கதை எளிதில் பிடிபட்டது. பயறு வண்டு குதிருக்குள் பிறப்பதல்ல. காட்டில் முற்றிய காயிலேயே முட்டை ஒட்டிவிடும். புழு பருப்பைக் குடைந்து உள்ளே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளிவரும். வளர்ந்த வண்டு பயறைத் தின்பதில்லை; இணை சேர்ந்து, பக்கத்துப் பயறில் மறுபடி முட்டை வைக்கும். எண்ணெய்ப் பூச்சு அந்த முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடுகிறது. கிலோவுக்கு 5 மில்லி போதும். ஆனால் ஏற்கெனவே உள்ளே புகுந்த புழுவை எண்ணெய் முழுதாகத் தடுக்காது. அதனால்தான் முதலில் நல்ல வெயில், பிறகு எண்ணெய். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்: சேலம் ஆமணக்குச் சீமை. வேளாண் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பதே இந்த மாவட்டத்து ஏத்தாப்பூரில்தான்.

பயறைக் காக்க வேப்பிலையையும் எல்லோரும் சொல்கிறார்கள். டெல்லியில் 1962இல் பிரதான் என்ற பூச்சியியலாளர் வெட்டுக்கிளியைத் தின்னவிடாமல் தடுத்தது வேப்பங்கொட்டைப் பருப்பின் கரைசலால். வீரியம் பருப்பில்தான் அதிகம். காய்ந்த இலையை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது வசம்பு. அது சேற்றில் வளரும் கிழங்கு. மேச்சேரியின் செம்மண் மேட்டில் அதற்கு இடமில்லை. நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கியே விதைக்குப் போட்டிருக்கிறார்கள். கைக்காசைச் செலவழித்தது விதைக்காக! ஜம்மு ஆய்வாளர்கள் 1977இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை அதன் வேலையை விளக்குகிறது: வசம்பு எண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் பூச்சியை மலடாக்குகிறது. கொல்வதைவிட வம்சத்தை நிறுத்துவது விதைக்குப் பெரிய காவல்.

அதே பீட்டா அசரோன் மிகுந்த வசம்பு எண்ணெய் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அப்படியானால் நம் பெண்கள் இதை முன்பே அறிந்தார்களா? அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் கைக்குழந்தைக்கு வசம்பைச் சுட்டு உரசிக் கொடுத்த வீடுகள் இவை. அதை நஞ்சாக அவர்கள் நினைக்கவில்லை. அம்மாயி சொன்ன ரசத்தின் காரல்தான் கோடு போட்டிருக்க வேண்டும். நாக்கு வகுத்த எல்லை, சமைப்பவர்களின் எல்லை. எந்த ஏட்டிலும் இதற்கு ஒரு பெயர் தேட வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

இப்போது அரிசி டப்பாவில் வசம்பைப் போடச் சொல்லும் செய்தி கைப்பேசியில் அடிக்கடி வருகிறது. விதைக்கு மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். அரிசிக்கு நொச்சி இலையும், ஈரம் அண்டாத மூடியும் போதும்.