இடது சக்கரம் மட்டும் ஏன் சுடுது?

புது பிரேக் பேட் போட்டா நாலு நாளைக்கு சக்கரம் சூடாத்தான் இருக்கும், அப்புறம் சரியாயிடும். கார் வைத்திருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் வசனம். நாசிக்கில் எனக்கு அது இந்தியில் சொல்லப்பட்டது: "நயா பேட் ஹை சாப், ஸெட் ஹோ ஜாயேகா."

அதில் பாதி உண்மை இருக்கிறது. புது பேடும் பழைய டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று உரசிப் பழகுகிற வரைக்கும் கொஞ்சம் சூடும் வாசனையும் வரும். ஆனால் பேட் மாற்றியது ரெண்டு பக்கமும். சூடு மட்டும் ஒரு பக்கம் என்றால் கணக்கு டேலி ஆகவில்லை என்று அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் உட்கார்ந்து, டேலி ஆகாத கணக்கைத் தேடித் தேடியே தலை நரைத்தவன் நான். வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போக மனசு வராது.

நடந்தது 2023 டிசம்பர். மும்பை மாட்டுங்காவில் தங்கமணியோட பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். விசேஷம் ஞாயிறு காலை. நாங்கள் நாசிக்கிலிருந்து சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினோம். வண்டி 2011 மாடல் சின்னக் கார், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பேட் மாற்றி நாலாவது நாள். பின்சீட்டில் மாமியார், பக்கத்தில் முறுக்கு டின்.

கோட்டி என்று ஒரு ஊர் வரும். (திருநெல்வேலிக்காரங்க சிரிக்கக் கூடாது, நிஜமாவே அதுதான் ஊர் பேர்!) அங்கே நெருங்கும்போது தங்கமணி, "ஏங்க, ஏதோ கருகற வாசனை வரலை?" என்றார். எனக்கும் ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. ஓரம் கட்டினேன். கால் பிரேக்கைத் தொடாமல், வேகத்தைக் குறைத்து உருளவிட்டு, கடைசியில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினேன். அது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அப்போதுதான் முன்சக்கரத்தில் இருக்கிற சூடு இப்போது போட்ட பிரேக்கால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியும்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி டேஷ்போர்டில் கிடந்தது. அதை எடுத்து நீட்டினேன். ரெண்டு சக்கரத்துக்குமே 'ஹை' என்று காட்டியது. மனுஷ ஜுரத்துக்கு மேல் அதுக்கு எண்ணத் தெரியாது :-) கடைசியில் கைதான் உதவியது. தொடாமல், ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் தோசைக்கல். சக்கரத்தின் நடுவில் ரெண்டு சொட்டு தண்ணீர் விட்டேன், சுர்ர்ரென்றது.

அடுத்து வருவது இகத்புரி, அதைத் தாண்டினால் கசாரா காட் இறக்கம். (2025 ஜூனில் சம்ருத்தி விரைவுச்சாலை முழுசாகத் திறந்த பிறகு கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போய்விடலாம். அன்றைக்கு அந்த வசதி கிடையாது.) பிரேக் ஆயிலைப் பற்றி ஒன்று தெரிந்து வைத்திருந்தேன். டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு தர அளவே 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அமுக்கினால் அமுங்கும், அதனால் பெடல் தரை வரைக்கும் போகும், பிரேக் பிடிக்காது. மலை இறக்கத்தில், முன்னால் கண்டெய்னர் லாரி போகும்போது அது நடந்தால்?

ஆட்டோ பிடித்து ரெண்டு பேரையும் முறுக்கு டின்னோடு இகத்புரி ஸ்டேஷனுக்கு அனுப்பினேன், தாதருக்கு ரயில் ஏறச் சொல்லி. மாமியாருக்கு வருத்தம்தான். நான் வண்டியோடு தங்கினேன்.

ஹைவே ஓரத்தில் லாரி பார்க்கிற மெக்கானிக் ஒருவர், அறுபது வயசிருக்கும். "பேரிங் போயிருக்குமா?" என்று கேட்டேன். சிரித்தார். டிஸ்க் இருப்பது ஹப்பின் மேல். டிஸ்க் சூடானால் ஹப்பும் சூடாகும். நம்ம ஆட்கள் ஹப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு பேரிங்குக்கு செலவு செய்வார்கள். அவர் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. சுற்றும்போது உறுமல் சத்தமும் இல்லை. பேரிங் விடுதலை.

வலது சக்கரம் கையால் தள்ளினால் லேசாக உரசிக்கொண்டே ஒன்றரை சுற்று வந்தது. அந்த உரசல் டிஸ்க் பிரேக்கில் சகஜம். இடது பக்கம் ஆற வைத்ததில் சுற்றியது. என்னை பிரேக்கை மிதித்து விடச் சொன்னார். கால் எடுத்த பிறகும் சக்கரம் பிடித்தபடியே நின்றது!

இதற்கு அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதையும் கழற்றவில்லை. காலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளை மட்டும் அரைச் சுற்று திறந்தார். ஆயில் பீய்ச்சியது, சக்கரம் விட்டுவிட்டது. பிஸ்டன் துருப்பிடித்தோ, காலிப்பர் நகர்கிற பின் காய்ந்தோ இறுகியிருந்தால் ஆயிலைத் திறந்தாலும் சக்கரம் விட்டிருக்காது. ஆக, ஆயில் அழுத்தம்தான் திரும்பிப் போகாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே? நிப்பிளை மூடி, மறுபடி மிதிக்கச் சொன்னார். மறுபடி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் சேருகிற இடத்தைத் தளர்த்தினார். சக்கரம் விடவில்லை. அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி இல்லை. நடுவில் இருப்பது ஹோஸ் ஒன்றுதான். "பைப் அந்தர் ஸே பந்த் ஹை, சாஹேப்."

கிளையில் ஒரு ரூபாய் வித்தியாசத்தைப் பிடிக்க இதே மாதிரி பாதி பாதியாக வெட்டிக்கொண்டே வருவோம். ஆளைக் கட்டிப் பிடிக்கலாம் போலிருந்தது.

பேட் மாற்றிய பிறகு இது ஏன் வருகிறது? டிஸ்க் காலிப்பரில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற சதுர ரப்பர் சீல் மிதிக்கும்போது முறுங்கி, விடும்போது நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் பலம். ஹோஸின் உள்சுவர் பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கினால், கால் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். திரும்பி வர சீலுக்கு தெம்பு இல்லை. பேட் மாற்றுகிறவர்கள் கழற்றிய காலிப்பரை கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்க விடுவது உண்டு. பன்னிரண்டு வருஷ ரப்பர், அந்த எடையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

நாசிக்கில் ஒரு கடைக்கு போன் போட்டு, ரெண்டு பக்கத்துக்கும் ஹோஸ் ஷேர் டாக்ஸியில் வந்து சேர மூணு மணி நேரம். அதற்குள் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். பின் காய்ந்த கேஸ்தான் அதிகம் வருமாம். அதற்கு சிலிகான் கிரீஸ்தான் போடணும். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும். கழற்றிய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். வெளியே புதுசு மாதிரி, உள்ளே வீங்கி, ஒரு ஊசி நுழைய இடமில்லை.

ஹோஸ் ரெண்டு, புது ஆயில், நாலு சக்கரத்துக்கும் காற்று எடுத்தது, கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். இடது பேடின் முகம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. தேய்த்துக் கொடுத்து, "இது ஊர் திரும்பற வரைக்கும்தான், அப்புறம் ரெண்டு பக்கமும் புதுசு போடுங்க" என்றார். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து கை வைத்துப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே வெதுவெதுப்பு.

சாயங்காலம் காட் இறக்கத்தில் ரெண்டாவது கியரிலேயே இறங்கினேன். மாட்டுங்கா போய்ச் சேர ராத்திரி ஒன்பதரை. பெரியப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். முழுக்கதையும் கேட்டுவிட்டு, "நீங்களும் ரயில்லயே வந்திருக்கலாமே மாப்பிள்ளை?" என்றார்.